மூணாவது தண்ணி

கொஞ்சம் எந்திரி கண்ணு, அந்த ஜன்னலோரத்தை எனக்குக் கொடு. இந்தப் பக்கம் உட்கார்ந்தா எனக்குக் குமட்டும். உனக்கென்ன, சின்ன வயசு, எங்க வேணும்னாலும் உட்காரலாம்.

எங்க இறங்கற? உடுமலையா? நானும் உடுமலைதான். பேச்சுத்துணைக்கு ஆள் கிடைச்சாச்சு. நீ பேசமாட்ட போலிருக்கு. பரவால்ல, நான் பேசுவேன். படிச்ச புள்ளைங்க எல்லாம் இப்படித்தான், வாயைத் திறந்தா மார்க்கு குறைஞ்சுடும்னு பயம். மடியில என்ன, புத்தகமா? மூடி வை. பஸ்ஸுல படிச்சா தலை சுத்தும்.

நான் பஸ்ஸுல போறவளே இல்ல. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல தங்கமணியம்மான்னு கேட்டுப் பாரு, யாரும் சொல்லுவாங்க. எங்களோடது காய்கறி மண்டி. காரு இருக்கு. அவரு நேத்தே எடுத்துட்டுப் போயிட்டாரு. 'நீ வர்றதுன்னா வா, வராட்டி உன் இஷ்டம்'னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அதான் இந்தத் தகரடப்பாவுல ஆடிக்கிட்டு வர்றேன்.

எங்க போறேன்னு நீ கேக்கலையே. கேக்காட்டியும் சொல்றேன். ஒரு குப்பைக்காரி வீட்டு விசேஷத்துக்குப் போறேன். தெருக் கூட்டறவங்களைச் சொல்லலை, அவங்க வேலைக்கு ஒரு அர்த்தம் இருக்கு. இவ என் ஓரகத்தி. என் கொழுந்தன் பொண்டாட்டி. வசுமதின்னு பேரு. குப்பையில காகிதம் செய்யறா.

சிரிக்காத. நிஜம். மார்க்கெட்டுல சாயங்காலம் ஆனா கழிவு கிடக்கும் பாரு, வெங்காயச் சருகு, மக்காச்சோளத் தோகை, வாழைமட்டை, மாடு மோந்து பாத்துட்டு விட்டுட்டுப் போறது. அதைப் போய் சாக்குல அள்ளிட்டு வருவா. எங்க மண்டிப் பேரைச் சொல்லிக்கிட்டு எங்க வீட்டு மருமக குப்பை பொறுக்கினா எனக்கு எப்படி இருக்கும்? அதைச் சுண்ணாம்புத் தண்ணியில போட்டு வேகவைப்பா. தெருவே நாறும். அப்புறம் பழைய பரீட்சைப் பேப்பர், கிழிஞ்ச நோட்டு, போன வருஷக் காலண்டர், இதை ஊறவச்சு அரைச்சு அதோட கலப்பா. அந்தக் கூழைச் சல்லடைச் சட்டத்துல அள்ளித் துணிமேல கவுத்து, அழுத்திக் காயவச்சா, அதுக்குப் பேரு காகிதமாம். தடிமனா, சொரசொரன்னு, அங்கங்க வெங்காயத் தோலு தெரியும். கடையில வெள்ளை வெளேர்னு காகிதம் கிடைக்காமயா இருக்கு?

ஆனா வாங்கறதுக்கு ஆளு இருக்குது பாரு, அதுதான் கலிகாலம். கொடைக்கானல்ல கடை வச்சிருக்கிறவன் ஒருத்தன், தாடியும் ஜோல்னாப் பையுமா வருவான். ஒரு தாளை எடுத்து மூக்குக்கிட்ட வச்சு மோந்து பாப்பான். பாத்துட்டு 'ஆஹா'ம்பான். வெங்காயத்தை மோந்துட்டு ஆஹான்னவனை நீ எங்கயாவது பாத்திருக்கியா? நான் பாத்திருக்கேன்.

இதெல்லாம் நடந்தது எங்க ஷெட்டுல. மண்டிக்குப் பின்னாடி தகரம் போட்ட ஷெட்டு, கிணறு, மோட்டார் எல்லாம் உண்டு. என் கொழுந்தன் நெஞ்சுவலியில போனதும், பாவம்னு நாங்கதான் கொடுத்தோம். மண்டியில அவன் பங்குன்னு ஒண்ணு இருந்தது, இல்லைங்கலை. அது வேற பேச்சு. கொடுத்தது நாங்க. வாடகைன்னு வாயத் திறக்கலை. எந்தப் புண்ணியவதி செய்வா?

நன்றி இருந்துச்சான்னு கேளு. 'அக்கா, அக்கா'ன்னு வாயால கூப்பிடுவா. ஆனா நான் ஒண்ணு சொன்னா, 'இல்லக்கா, இது இப்படித்தான்'னு ஆரம்பிப்பா. காலேஜ்ல கெமிஸ்ட்ரி படிச்சவளாம். படிப்பு இருந்தா குப்பைக்குக் கூடப் பாடம் எடுப்பாங்க போலிருக்கு. உன்னைச் சொல்லலை கண்ணு.

ஒண்ணு சொல்றேன், கேளு. வேகவச்ச கூழை மூணு தண்ணி மாத்தி அலசுவா. மாடு குளிப்பாட்டறாப்ல. ஒவ்வொரு தண்ணி முடிஞ்சதும் ஒரு கை எடுத்துப் பிழிஞ்சு, அது மேல மஞ்சளைத் தொட்டு ஒரு பொட்டு வைப்பா. வச்சுட்டுக் குனிஞ்சு உத்துப் பாப்பா. அப்புறம் தலையாட்டிட்டு அடுத்த தண்ணி. குப்பைக்குப் பொட்டு வச்சுக் கும்பிடறவளை என்னன்னு சொல்லுவ? புருஷன் போனப்புறம் மஞ்சளைத் தொட ஒரு சாக்கு வேணும் போலன்னு நினைச்சுக்கிட்டேன். யார்கிட்டயும் சொல்லலை. என் நாத்தனார்கிட்ட மட்டும் சொன்னேன்.

சரி, கதைக்கு வர்றேன். என் பொண்ணு மிருதுளாவுக்குக் கல்யாணம் கூடி வந்துச்சு. கோயமுத்தூர்ல பெரிய இடம். பத்திரிகையைச் சிவகாசியில அடிக்கணும், வெல்வெட் ஒட்டி, தொறந்தா பாட்டுப் பாடற மாதிரின்னு நான் நினைச்சிட்டிருக்கேன். இந்தப் புள்ள என்ன சொல்லுச்சு தெரியுமா? 'சித்தி செய்யற காகிதத்துலதாம்மா என் பத்திரிகை.' பெத்த வயிறு எப்படி எரியும்!

"வெங்காயத் தோலுலயாடி உன் பத்திரிகை?"

"ஆமா."

"சம்பந்தி வீட்டுல காறித் துப்புவாங்க."

"துப்பட்டும்மா. அதுவும் அந்தக் காகிதத்துல ஊறாது. சித்தி அவ்வளவு நல்லா அழுத்துது."

வாய் பாத்தியா? எல்லாம் அவகிட்டப் பழகினதுதான்.

அவரு நடுவுல புகுந்தாரு. மண்டியில கணக்குப்புள்ள, கூலியாளுங்க எல்லாம் இருக்கறப்பவே சொல்றாரு: "பத்திரிகை நல்லபடியா வந்துச்சுன்னா, அந்த ஷெட்டை வசுமதி பேருக்கே எழுதி வச்சுடறேன்." நான் விடுவேனா? "வரலைன்னா?"ன்னு கேட்டேன். அங்கயே நின்ன வசுமதி முந்திக்கிட்டுப் பதில் சொன்னா, மெதுவா. "வரலைன்னா சாவியை உங்க கையிலயே கொடுத்துடறேன்க்கா."

எனக்கு அந்த ஷெட்டு வேணும்னு இல்ல. காலிஃபிளவருக்குக் குளிர்ப்பெட்டி போடலாம்னு ஒரு யோசனை இருந்துச்சு, அவ்வளவுதான். ஆனா ஒரு விதவைப் பொம்பளை அத்தனை ஆம்பிளைங்க முன்னாடி பந்தயம் கட்டற மாதிரிப் பேசினா பாரு, அது எனக்குப் பிடிக்கலை.

அவளும் அல்லும் பகலும் உழைச்சா, இல்லைன்னு சொல்லமாட்டேன். அழகழகாச் சருகு பொறுக்கினா, சின்ன வெங்காயச் சருகா, செவப்பா, மெல்லிசா. கூழ் வெந்ததும், பத்திரிகையில எழுத்து பதிக்கற அச்சுச் சட்டம் எடுக்கக் கோயமுத்தூர் போயிட்டா. போறப்ப மாரக்காகிட்டச் சொல்லிட்டுப் போறா, மாரக்கான்னா அவகிட்ட வேலை செய்யறவ, காது கொஞ்சம் மந்தம், அதனால எல்லாருக்கும் கேக்கறாப்லதான் சொல்லணும்: "மூணு தண்ணி, மாரக்கா. மூணாவதும் கண்டிப்பா. மஞ்சள் வச்சுப் பாத்துட்டுத்தான் எடுக்கணும்."

அன்னிக்கி நான் ஷெட்டுப் பக்கம் போனேன். ஏன் போகக்கூடாது, எங்க ஷெட்டு. மோட்டார் ஓடிட்டே இருக்கு. ஊரே தண்ணிக்கு அலையுது, சித்திரை வெயிலு, கிணத்துல ஒரு ஆள் மட்டம் கூட இல்ல. மாரக்கா என்னடான்னா தொட்டி நிறையத் தண்ணியை விட்டுக் குப்பையை அலசிட்டிருக்கா.

"எத்தனாவது தண்ணிடி இது?"

"ரெண்டு ஆச்சுங்கம்மா. இனி மூணாவது."

"வேண்டாம். மோட்டாரை நிறுத்து."

"அக்கா மஞ்சள் வெச்சுப் பாக்கச் சொன்னாங்கம்மா."

"மஞ்சள் வைக்க வேண்டிய நேரத்துல நான் வச்சுக்கறேன். நீ அரைக்கற வேலையைப் பாரு. முகூர்த்த நாளு உங்கக்காவுக்காகக் காத்துட்டு நிக்காது."

நான் போய் நிறுத்தலைன்னா கிணறு வத்திப் போயிருக்கும். குடும்பம்னு ஒண்ணு இருந்தா யாராவது ஒருத்தர் பொறுப்பா இருக்கணும். எங்க வீட்டுல அது நான்தான்.

மறுநாள் வசுமதி வந்தா. வந்ததும் தொட்டியைப் பாக்கறா, கூழைத் தொட்டுப் பாக்கறா, விரலை விரலோட தேய்ச்சுப் பாக்கறா. கொழகொழன்னு இருக்குன்னு முகத்தைச் சுளிக்கறா. "அக்கா, மூணு தண்ணியும் ஆச்சுங்களா?"ன்னு என்னைக் கேக்கறா. எல்லாம் ஆச்சுன்னேன். இதுல பொய் என்ன இருக்கு? ஆகவேண்டியது ஆச்சு. மாரக்கா வாயைத் திறக்கப் போனா, நான் ஒரு பார்வை பாத்தேன், மூடிக்கிட்டா. வசுமதி அந்த மஞ்சள் கிண்ணத்தை எடுக்கக் கையை நீட்டறா. எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம்.

"என் வாய் வார்த்தையை நம்பமாட்ட, மஞ்சளைத்தான் நம்புவியா?"ன்னு கேட்டேன்.

நீட்டின கையை அப்படியே மடக்கிக்கிட்டா. "நம்பறேன்க்கா"ன்னா. அவ்வளவுதான், தாள் அள்ள உட்கார்ந்துட்டா.

இதைச் சொல்லக் காரணம், அவ பேச்சுல உறுதி இல்லாதவ, அதுக்குத்தான். தன் வேலைமேல அவ்வளவு நம்பிக்கை இருந்திருந்தா கிண்ணத்தை எடுத்திருக்கணும் இல்ல? நான் என்ன கையையா பிடிச்சேன்?

யாரு, கண்டக்டரா? டிக்கெட் எடுத்தாச்சு தம்பி, எத்தனை தடவை காட்டறது. ஆளைப் பாத்தாத் தெரியலை?

பத்திரிகை வந்துச்சு. பாக்க... சரி, நல்லாத்தான் இருந்துச்சு. இளஞ்செவப்புல சருகு மின்னுச்சு, எழுத்து கருப்பா எடுப்பா இருந்துச்சு. குறை சொல்ல வழி இல்லைன்னு எனக்கே கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு.

எங்க பக்கத்துல முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு. அன்னிக்கே ஒரு கட்டுப் பத்திரிகையை அவரு எடுத்துக்கிட்டு மஞ்சள் டப்பாவோட கோயமுத்தூர் கிளம்பிட்டாரு, சம்பந்தி வீட்டுக்குக் கொடுக்க. நாங்க பொம்பளைங்க எல்லாம் கோயிலுக்கு. பத்திரிகையில மஞ்சள் வைக்கற உரிமை பொண்ணோட அத்தைக்கு. என் நாத்தனார் பழனாத்தா, குழைச்ச மஞ்சளைத் தொட்டு முதல் மூலையில வச்சா.

செவந்துச்சு.

மஞ்சளா வச்சது, பாத்திட்டிருக்கறப்பவே செங்கல் நிறமாச்சு, அப்புறம் ரத்தச் செவப்பு. பழனாத்தா தன் விரலைப் பாக்கறா, வெட்டுப்பட்டிருக்கான்னு. ரெண்டாவது மூலையில வைக்கறா. அதுவும் செவப்பு. நாலு மூலையும் ரத்தம் தொட்டு வச்ச மாதிரி ஆயிடுச்சு. அடுத்த பத்திரிகை, அதுவும் அப்படியே. பூசாரி கற்பூரத் தட்டோட நிக்கறாரு, கிட்ட வரலை.

"அய்யோ, சாமி ஏத்துக்கலை!"ன்னு பழனாத்தா கத்தினா பாரு, கோயிலே திரும்பிப் பாத்துச்சு.

என் மானம் போச்சு. மிருதுளா அழுதா. நான் வசுமதியைப் பாத்தேன். அவ பத்திரிகையைப் பாக்கலை. தூணோரமா நின்ன மாரக்காவைப் பாத்தா. மாரக்கா தரையைப் பாத்தா. அப்புறம் என்னைத் திரும்பிப் பாத்து, அத்தனை பேரு முன்னாடி, மெதுவா ஒரு கேள்வி கேக்கறா: "அக்கா, மூணாவது தண்ணி?"

தண்ணியாம்! எவ்வளவு நெஞ்சழுத்தம் பாரு. தான் செஞ்ச வேலை கெட்டுப் போச்சு, சாமி குத்தம் ஆச்சு, பழியைத் தண்ணிமேல போடறா. "குப்பையில நல்ல காரியம் பண்ணினா இப்படித்தான் வரும். பேசின பேச்சு ஞாபகம் இருக்கா? சாவி எங்க?"ன்னேன். இடுப்புல இருந்து எடுத்துக் கையில வச்சா. கண்ணுல தண்ணி இல்ல. அழுதிருந்தா நானே கூட மனசு இளகியிருப்பேன். அழத் தெரியாதவளுக்கு நான் என்ன பண்றது?

மறுநாள் காலையில ஒரு குட்டியானை வண்டி வந்துச்சு. சட்டம், சல்லடை, தொட்டி எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு உடுமலையில அவ அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. மாரக்காவும் கூடவே ஏறிக்கிட்டா. அந்தச் செவிட்டுக் கழுதைக்கு எங்ககிட்ட இல்லாத எது அங்க கிடைக்குதோ.

வண்டி தெருமுனை திரும்பறதுக்குள்ள போன் வருது. சம்பந்தியம்மா. கல்யாணமே நின்னுச்சுன்னு நினைச்சேன்.

"சம்பந்தியம்மா, எவ்வளவு யோசிச்சுப் பண்ணியிருக்கீங்க!"ங்கறாங்க.

எனக்குப் புரியலை.

"மஞ்சள் வச்சதும் ஆரத்தி மாதிரி செவக்குதே! மஞ்சள்ல சுண்ணாம்பு சேந்தாச் செவக்குமே, அதைப் பத்திரிகைக்குள்ளயே வச்சிருக்கீங்களே! எங்க வீட்டு வாசல்லயே வந்து எங்களுக்கு ஆரத்தி சுத்தின மாதிரி இருந்துச்சு. வந்தவங்களை எல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டு வச்சுக் காட்டினோம். யாரு யோசனைங்க இது?"

நான் என்ன சொல்லுவேன்? உண்மையைச் சொன்னேன். "என் யோசனைதானுங்க"ன்னு சொன்னேன்.

ஏன், இல்லையா? யாரு மூணாவது தண்ணி வேண்டாம்னது? யாரு மோட்டாரை நிறுத்தினது? அவ விருப்பப்படி விட்டிருந்தா, அலசி அலசி அந்தச் சுண்ணாம்பை எல்லாம் சாக்கடைக்கு அனுப்பிட்டு, வெறும் காகிதத்தைக் கையில கொடுத்திருப்பா. செவப்பு வந்திருக்குமா? நீ படிச்ச புள்ள, நீயே சொல்லு. சொல்லமாட்ட. சரி.

நான் இதை அவருகிட்டச் சொன்னேன், பெருமையாத்தான் சொன்னேன். மூணாவது தண்ணியை நிறுத்தினதே நான்தான்னு. அவரு சாப்பிட்டுக்கிட்டிருந்தாரு. கையைக் கழுவிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. அன்னையிலிருந்து என்கிட்ட ஒண்ணு ரெண்டு வார்த்தைதான். பொண்டாட்டிக்கு ஒரு பேரு வந்தா ஆம்பிளைங்களுக்குப் பொறுக்காது.

ஷெட்டா? ஷெட்டு பூட்டிக் கிடக்குது. குளிர்ப்பெட்டி போட அவரு காசு எடுக்க மாட்டேங்கறாரு. உடைஞ்ச தக்காளிக் கூடை போட்டு வச்சிருக்கோம். சாவி என்கிட்டத்தான் இருக்கு, இங்க பாரு, இடுப்புலயே. இது இங்க இருக்கறவரைக்கும் நான் நினைச்சா அவளைத் திரும்பக் கூப்பிடலாம். கூப்பிடணும்னு அவ கேக்கணும் இல்ல?

கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுச்சு. இப்போ வர்ற தை மாசம் சம்பந்தியம்மா சின்ன மகனுக்குக் கல்யாணம். "அதே செவப்புப் பத்திரிகைதான் வேணும், நீங்கதான் செஞ்சு தரணும்"னு தினம் போன். சரி, அவ செய்யறதை நான் செய்யமாட்டேனா? ஆளுங்களை விட்டு மண்டிக் கழிவை அள்ளி வரச் சொன்னேன். அவளாட்டம் கஞ்சத்தனமா வெறும் சருகு, தோகையோட நிறுத்துவேனா? தக்காளி, கத்தரிக்காய், முட்டைக்கோசு எல்லாம் தாராளமாப் போட்டேன். சுண்ணாம்பையும் கை நிறைய. தண்ணியே காட்டலை, ஒரு தண்ணி கூட. செவப்பு நல்லா ஏறட்டும்னு.

என்ன ஆச்சுன்னு கேக்கறியா? எறும்பு வந்துச்சு. புழு வந்துச்சு. ஆளுங்களுக்குக் கை வெந்து தோலு உரிஞ்சு போச்சு, வேலைக்கு வரமாட்டேன்னுட்டாங்க. காஞ்சது அப்பளம் மாதிரி நொறுங்குச்சு. அந்த ஷெட்டுல அவ ஏதோ வச்சுட்டுப் போயிருக்கா, நான் அடிச்சுச் சொல்லுவேன்.

அப்பத்தான் போன வாரம் வசுமதி வந்தா. நாலு வருஷம் வாசல் மிதிச்ச வீட்டுக்குப் புதுசா வர்ற மாதிரி, வாசல்லயே செருப்பைக் கழட்டிட்டு நின்னு, 'வரலாங்களா அக்கா'ன்னு கேட்டா. உடுமலையில சொந்தமா இடம் பிடிச்சுட்டாளாம். பேங்க்குல கடன் கிடைச்சுதாம். பத்துப் பொம்பளைங்க வேலைக்காம். இன்னிக்கித் திறப்பு விழா. மிருதுளாவும் மாப்பிள்ளையும் முன்னாடியே வந்து தோரணம் கட்டறாங்களாம். என்னைப் பெத்தவன்னு ஒரு வார்த்தை கேக்கலை அந்தப் புள்ள.

தாம்பாளத்துல பத்திரிகையை வச்சு நீட்டினா. அவளே செஞ்ச காகிதம். மஞ்சள் வைக்கலை. நான் கேட்டேன், 'மொட்டைப் பத்திரிகையாவா கொடுப்ப?'ன்னு. பையிலிருந்து ஒரு சின்னக் கிண்ணம் எடுத்தா. குழைச்ச மஞ்சள். அதே கிண்ணம் கண்ணு, ஷெட்டுல இருந்த கிண்ணம்.

"நீங்களே வைங்கக்கா"ன்னா.

வச்சேன். என் கையாலயே, நாலு மூலையும். வச்சுட்டுப் பாத்தேன். அவளும் பாத்தா. பத்திரிகையைப் பாக்கலை, என்னையே பாத்தா. அவரு கூட வந்து கதவுகிட்ட நின்னுட்டாரு. அப்புறம் அவ 'வந்துடுங்கக்கா'ன்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டா. காப்பி கூடக் குடிக்கலை.

இரு, காட்டறேன். பையை இப்படித் திறந்து பிடி. இதான். பாரு. மோந்தெல்லாம் பாக்காத, ஜோல்னாப் பைக்காரன் மாதிரி. மூலையைப் பாரு.

ஒரு வாரம் ஆச்சு. தினம் எடுத்து எடுத்துப் பாக்கறேன், செவக்கும் செவக்கும்னு. நாலு மூலையும் வச்ச மாதிரியே பளிச்சுன்னு மஞ்சளாவே இருக்கு. துளி மாறலை.

பாத்தியா? கெமிஸ்ட்ரி படிச்சு என்ன பிரயோஜனம்? பத்துப் பொம்பளைங்களை வச்சு என்ன பிரயோஜனம்? போய் அவளை உட்காரவச்சு நான்தான் சொல்லிக்கொடுக்கணும். அதுக்குத்தான் இவ்வளவு தூரம் பஸ்ஸுல வர்றேன்.

என்ன கண்ணு அப்படிப் பாக்கற? உடுமலை வந்துடுச்சு, எந்திரி. அவளுக்கு அந்தச் செவப்பு வரலை. நான் கூட இல்லாம அவளுக்கு வரவே வராது.